உயிர்ப்புள்ள பிளவுப்பெயர்ச்சி

'போல்ட்' (fault) என்றதும் மட்டக்களப்பில் நினைவுக்கு வருவது கரண்ட் லைனில் வரும் கோளாறு. புவிச்சரிதவியலில் அது வேறு: பாறை பிளந்து, பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி இடம் மாறியிருக்கும் தளம். 'active fault' என்பதற்குக் கணினி மொழிபெயர்ப்பு 'செயலில் உள்ள தவறு' என்று போட்டு, பூமியைக் குற்றவாளி ஆக்கிவிடும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அந்தப் பழி முழுக்கப் பொய்யும் இல்லை. இலத்தீனில் 'ஃபல்லெரே' என்றால் ஏமாற்றுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது குறை, தவறு என்று பொருள் கொண்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டிக்கொண்டே போகும் நிலக்கரிப் படை (அடுக்கு) திடீரென அறுந்து எதிரே வெறும் பாறை நிற்கும். மிச்சம் மேலேயோ கீழேயோ விலகிக் கிடக்கும். அந்த இடத்துக்குத் தொழிலாளர் இட்ட பெயரே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூல்களில் ஏறியது.

தமிழில் பலரும் 'பிளவு' என்று எழுதுகிறார்கள். அது போதாது. பாறையில் வெடிப்புகள் எத்தனையோ உண்டு. இரு பக்கமும் நகராத வெடிப்புக்கு 'மூட்டு' என்று பெயர். நகர்ந்திருந்தால்தான் நாம் பேசும் பொருள். ஆகவே 'பிளவுப்பெயர்ச்சி'. 'நிலம் பெயரினும்' என்று புறநானூற்றின் 3ஆம் பாட்டே சொல்லும்போது வேறு வினை தேடத் தேவையில்லை. இடப்பெயர்வு என்றால் என்னவென்று எங்கள் மாவட்டத்துக்கு யாரும் விளக்கவும் வேண்டாம்.

'active' என்ற அடைமொழியில்தான் சிக்கல். 'செயற்படும்' என்றால் இப்போதே அசைவதுபோல் இருக்கிறது. உண்மையில் இத்தகைய பிளவுகளில் பெரும்பாலானவை நூற்றாண்டுக் கணக்கில் இறுகிப் பூட்டிக் கிடந்து, விசையைச் சேர்த்து, சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ விடுபடும். அண்மைப் புவிக்காலத்தில் பெயர்ந்திருக்கிறதா, இனியும் பெயருமா என்பதே கேள்வி. கலிபோர்னியாவில் கடந்த 11,700 ஆண்டுகளுக்குள் நகர்ந்ததைக் கணக்கில் எடுக்கிறார்கள். நியூசிலாந்தில் 125,000 ஆண்டுகள்வரை பின்னே போகிறார்கள். உறங்கினாலும் சாகாதது என்பதால் 'உயிர்ப்புள்ள' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. எரிமலைக்கு அப்படித்தானே சொல்கிறோம்?

இந்தோனேசியத் தீவான சுமாத்திரா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2004 டிசெம்பர் 26 காலை கல்முனையையும் நாவலடியையும் அழித்த கடலை எழுப்பியது, தீவுக்கு மேற்கே கடலடியில் உள்ள பெரும் பெயர்ச்சி. அது 1,200 கிலோமீற்றருக்கும் அதிகமாகக் கிழிந்தது. தீவின் முதுகெலும்பாக ஏறக்குறைய 1,900 கிலோமீற்றர் ஓடும் சுமாத்திராப் பெயர்ச்சி வேறு. கெரி சீ, டேனி நதவிஜயா என்ற புவிச்சரிதவியலாளர் இருவரும் வான்படங்களையும் நிலவரைபடங்களையும் கொண்டு அதை வரைந்து, 19 பெருந்துண்டுகளாகப் பிரித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நேராக வந்த ஆறு பிளவைக் கடக்கும் இடத்தில் பக்கவாட்டில் ஒடிந்து, சற்றுத் தள்ளித் தொடர்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. பிளவுக்குக் குறுக்கே அகழி வெட்டி, அறுந்த மண்படைகளில் உள்ள கரியின் வயதைக் கணிப்பது இன்னொன்று. துண்டின் நீளம் நிலநடுக்கம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதைக் காட்டும். அகழி எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்பதைக் காட்டும். நாள் குறித்துச் சொல்ல இரண்டாலும் முடியாது.

நம் பக்கம் வந்தால், அம்பாறை மகா ஓயாவின் வெந்நீரூற்றைக் காட்டி 'கீழே எரிமலை' என்பவர்கள் இருக்கிறார்கள். எரிமலை ஏதும் இல்லை. மழைநீர் ஆழ்ந்த வெடிப்புகளால் இறங்கி, சூடேறித் திரும்புகிறது. இலங்கையின் வெந்நீரூற்றுகள் பலவும் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரு பழம் பாறைத் தொகுதிகளின் எல்லையை ஒட்டியே கிடக்கின்றன. அந்த இணைப்பு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தியது. ஊற்று சுடுகிறது என்பதற்காக அந்த எல்லையை உயிர்ப்புள்ளது என்று எழுதக்கூடாது. அண்மையில் பெயர்ந்ததற்கு நிலத்தில் தடயம் வேண்டும். சிறு அதிர்வுகளைப் பதிய அம்பாறை புத்தங்கலையில் ஒரு புவிநடுக்க நிலையம் இருக்கிறது.

முழுச்சொல் நீளம்தான். ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'பெயர்ச்சி', 'பெயர்ச்சிக் கோடு' என்று சுருக்கிக்கொள்ளலாம். சனிப்பெயர்ச்சியோடு குழப்பிக்கொள்பவர்கள் ஓரிருவர் இருக்கத்தான் செய்வார்கள்.