மரை போச்சா, தலை போச்சா?

"ஸ்குரூ ஸ்லிப் ஆகுது" என்று யாராவது சொன்னால் உடனே திருப்புளியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், எது ஸ்லிப் ஆகுது என்று முதலில் கேளுங்கள். நான் கேட்காமல் போய்த்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அண்ணன் மகனுடைய ரிமோட் கார். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு, துடைக்காமல் கொள்ளாமல் அப்படியே பையில் போட்டு வைத்திருக்கிறான். கடற்காற்றும் உப்பும் சேர்ந்தால் இரும்பு என்னவாகும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கியர் பாக்ஸ் மூடியில் நாலு ஸ்குரூ. மூன்று வந்துவிட்டன, நாலாவது வரவில்லை. ஆலன் கீ, அதாவது ஸ்குரூவின் தலைப் பள்ளத்தில் விட்டுத் திருப்பும் அறுகோணக் கம்பி, மட்டும் உள்ளே வழவழவென்று சுற்றுகிறது, ஸ்குரூ இருந்த இடத்திலேயே இருக்கிறது. சரி என்று மறுநாள் லிங்கி செட்டித் தெருவுக்குப் போய், ஒரு டூல்ஸ் கடையில், "அண்ணே, ஸ்குரூ ஸ்லிப் ஆயிடுச்சு, கழட்ட என்ன இருக்கு?" என்றேன். பெரியவர், பில் எழுதிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மரை போச்சா, தலை போச்சா?"

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஸ்ட்ரிப்' என்று ஒரே சொல். மரப்பட்டையை உரிப்பது, சுவர் பெயின்ட்டைச் சுரண்டி எடுப்பது, துணியைக் களைவது எல்லாமே ஸ்ட்ரிப்தான், அதே சொல்லை ஸ்குரூவுக்கும் போட்டுவிட்டார்கள். நாம் அதைக்கூட வாங்கிக்கொள்ளாமல் 'ஸ்லிப்' என்று ஆக்கிக்கொண்டோம். ஸ்லிப் என்றால் வழுக்குகிறது, அவ்வளவுதான். காய்ச்சல் என்று சொல்வது மாதிரி, எதனால் காய்ச்சல் என்பது அதில் இல்லை. கடைக்காரர் இரண்டு தமிழ்ச் சொல்லில் பிரித்துவிட்டார்.

முதலில் மரை. ஒரு போல்ட்டைப் படுக்கவைத்துப் பார்த்தால் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஒரு வரி ஏறிக்கொண்டே போகிறதே, அதுதான் மரை. நட்டுக்குள்ளே அதே வரி உட்பக்கமாக ஓடும், அதனால் நட்டையே மரை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆர்.சி. கார்களில், அதாவது இந்த மாதிரி ரிமோட் கார்களில், அதிகம் வருவது எம்3 ஸ்குரூ. அதன் குறுக்களவு 3 மி.மீ., மரைக்கு மரை இடைவெளி 0.5 மி.மீ., அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே இறங்கும். கயிற்றைப் போல முறுக்கி ஏறுவதால் 'புரி' என்றும் சொல்லலாம், முப்புரி நூல் என்கிறோமே, அந்தப் புரி. ஆனால் பட்டறையில் புரி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை, மரைதான்.

இந்தச் சொல் நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும், வேறு இடத்தில். "உனக்கென்ன மரை கழண்டுடுச்சா?" என்று திட்டுவோமே, அதே மரை. நிறையப் பேர் இதை 'மறை' என்று வல்லின றகரம் போட்டு எழுதுகிறார்கள். மறை என்றால் வேதம், அது எப்படிக் கழலும்? இடையின ரகரம்தான் சரி. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கழல்வது வேறு, போவது வேறு. கழன்றதைத் திரும்ப முடுக்கிவிடலாம், மரை அப்படியேதான் இருக்கும். போய்விட்டால் முடுக்க முடுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. திட்டு வாங்கியவருக்கு அந்த மட்டில் நம்பிக்கை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மரை என்று ஒரு மான் இனமும் உண்டு, தாமரையைச் சுருக்கி மரை என்று எழுதிய புலவர்களும் உண்டு. இவை மூன்றுக்கும் உறவு தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் ஆங்கில ஸ்குரூவுக்குள்ளும் ஒரு மிருகம் ஒளிந்திருக்கிறது. பழைய பிரெஞ்சில் நட்டைக் குறித்த 'எஸ்க்ரூ' என்ற சொல்லிலிருந்து அது வந்தது, அதற்கும் மேலே போனால் லத்தீனில் 'ஸ்க்ரோஃபா', பெண் பன்றி என்று சில சொற்பிறப்பு அகராதிகள் காட்டுகின்றன.

ஸ்குரூவுக்கு நல்ல தமிழ் திருகாணி. திருகு + ஆணி, உகரம் கெட்டுத் திருகாணி. ஆணி என்றால் அடித்து இறக்குவது, இது திருகி இறக்குவது; இதைவிடத் தெளிவாக ஒரு பெயர் வைக்க முடியாது. ஸ்குரூ டிரைவரும் அதே அச்சில் திருப்பு + உளி, திருப்புளி. புளியோடு சம்பந்தமில்லை, தச்சர் கையில் இருக்கும் உளிதான். போல்ட்டுக்கு மரையாணி. எல்லாம் சரிதான், ஆனால் சென்னையில் திருகாணி என்றால் கம்மலுக்குப் பின்னால் போடுவது. பாட்டி குளியலறையில் தொலைத்துவிட்டு வீட்டையே இரண்டாக்குவாரே, அது. லிங்கி செட்டித் தெருவில் போய்த் திருகாணி கேட்டால் பக்கத்தில் என்.எஸ்.சி. போஸ் ரோட்டு நகைக்கடைகளைத்தான் கைகாட்டுவார்கள். எழுதும்போது திருகாணி, கடையில் ஸ்குரூ என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

இப்போது தலை. மரைக்கு எதுவும் ஆகாமல், தலையிலிருக்கும் பள்ளம் மட்டும் கெட்டுப்போவது. இதற்குச் சரியான வினை 'மழுங்குதல்'. கத்தி மழுங்குகிற மாதிரி, அறுகோணப் பள்ளத்தின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிடும், அப்புறம் கீ எதைப் பிடிக்கும்? கண்டுபிடிப்பது சுலபம். கீயோடு சேர்ந்து ஸ்குரூவும் முடிவில்லாமல் சுற்றினால் மரை போச்சு. கீ மட்டும் சுற்றி ஸ்குரூ நின்றால் தலை போச்சு.

தலை ஏன் போகிறது? பெரும்பாலும் நாம்தான் காரணம். எம்3 உருண்டைத் தலை ஸ்குரூவுக்கு 2 மி.மீ. ஆலன் கீ வேண்டும். அமெரிக்கப் பழைய கார்களோ அங்குலக் கணக்கு, 5/64 அங்குலம், அதாவது 1.98 மி.மீ. இரண்டும் கைக்கு ஒன்றாகத்தான் தெரியும். பொடி ஸ்குரூக்களில் இன்னும் மோசம், 1/16 அங்குலப் பள்ளத்தில் 1.5 மி.மீ. கீ லொடலொடவென்று ஆடும். நான் செய்ததும் அதேதான். டப்பாவிலிருந்த பழைய அங்குலக் கீ, அதுவும் முனை தேய்ந்தது, துருப்பிடித்த ஸ்குரூ, ஞாயிற்றுக்கிழமை அவசரம்.

'ஸ்டார்' என்ற சொல்லிலும் ஒரு குழி இருக்கிறது. நம் ஊரில் கூட்டல் குறி போட்டதை ஸ்டார் என்போம், கோடு போட்டதை மைனஸ் என்போம். கூட்டல் குறியை ஏன் பிளஸ் என்று சொல்லவில்லை என்று கேட்டால் பதில் கிடையாது. அதன் பெயர் பிலிப்ஸ், 1936இல் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் காப்புரிமை பெற்றது. உண்மையாகவே ஆறுமுனை நட்சத்திரமாக இருப்பது டார்க்ஸ், அது 1967இல் வந்தது. அதனால் கடையில் ஸ்டார் என்று மட்டும் சொன்னால் எது கைக்கு வரும் என்பது உங்கள் அதிர்ஷ்டம். இதில் ஜப்பான்காரர்கள் வேறு. டமியா மாதிரி ஜப்பானிய கம்பெனிகளின் கார் கிட்களில் வருவது பார்க்க பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் ஜப்பானியத் தர அளவு, தலையில் பல நேரம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதில் சாதாரணத் திருப்புளியை வைத்தால் அடிவரை உட்காராது, பாதியில் எகிறி வெளியே வந்து தலையைத் தின்றுவிடும்.

தலை போனதற்கு வைத்தியம் பல. பள்ளத்தின் மேல் ரப்பர் பேண்டை விரித்து வைத்துத் திருப்புளியை அழுத்துவது எல்லோரும் சொல்வது, லேசாக மழுங்கியிருந்தால் மட்டும் வேலை செய்யும். சற்றே பெரிய டார்க்ஸ் பிட்டைச் சுத்தியலால் தட்டி இறக்கலாம், அல்லது தலையில் நீளக் கோடு அறுத்து மைனஸ் ஆக்கிவிடலாம். உலோகத்தில் லாக்டைட், அதாவது மரை கழலாமல் பிடிக்கும் பசை, போட்டு இறுக்கியிருந்தால் முதலில் சால்டரிங் அயர்னைத் தலையில் வைத்துச் சூடுகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சுலபத்தில் வராது. பெரியவர் எனக்குச் சொன்னது வேறு. "புதுப்பேட்டைல வால்வு கிரைண்டிங் பேஸ்ட்னு கேளு, மிளகு அளவு தடவு, கீயை அமுக்கிட்டு மெதுவாத் திருப்பு." என்ஜின் வால்வைத் தேய்க்கப் பயன்படும் நெறுநெறுப்பான பேஸ்ட் அது, அந்தத் துகள்கள் கீக்கும் பள்ளத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வழுக்காமல் பிடிக்கும்.

பிடித்தது. இந்த முறை சரியான 2 மி.மீ. கீ. 'கிறீச்' என்று ஒரு சத்தம், ஸ்குரூ மெல்ல மேலே வந்தது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் மரை இடுக்கில் துரு, மணல், கூடவே பென்சில் சீவல் போல ஒரு கறுப்புச் சுருள் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் துளைக்குள்ளிருந்த மரை அப்படியே உரிந்து ஸ்குரூவோடு வந்துவிட்டது. ஆங்கிலேயன் ஏன் ஸ்ட்ரிப் என்றான் என்பது அப்போதுதான் புரிந்தது.

பிளாஸ்டிக்கில் இப்படிப் போகாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. பழைய துளையில் ஸ்குரூவைத் திரும்பப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் 'டக்' என்று விழும், பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து முடுக்கினால் புது மரை வெட்டாது. என் துளைக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. பல்குத்தும் குச்சியும் ஃபெவிக்விக்கும் வைத்து அடைத்துப் பார்க்கலாம், ஆனால் கியர் பாக்ஸ் அதிர்வுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

மறுபடியும் அதே கடை. "அண்ணே, தலை போனது வந்துடுச்சு. இப்போ மரை போச்சு."

பெரியவர் இந்த முறை நிமிர்ந்து பார்த்தார். எம்3ஐவிட ஒரு சுற்றுப் பருமனான பிளாஸ்டிக் ஸ்குரூ நாலைக் காகிதத்தில் மடித்து நீட்டினார். "ஒண்ணு போதும்ணே" என்றேன். "மத்த மூணும் அதே மணல்லதானே கிடந்துது" என்றார்.