முதல் கேமரா: கருவறை இருட்டும் லென்ஸ் பூஞ்சையும்

சுங்கை சிப்புட் டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், சடங்கு, தோட்டத்துக் கோயில் திருவிழா, இவைதான் வருமானம். தைப்பூசம் முடிந்த கையோடு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பிள்ளைகள் கடை ஏறி வருவார்கள். "அங்கிள், டிஎஸ்எல்ஆர் வாங்கணும். எது நல்லது?" டிஎஸ்எல்ஆர் என்றால் உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமரா. கையில் ஏறக்குறைய 1,500 வெள்ளி இருக்கும். பகுதி நேர வேலையில் சேர்த்ததாக இருக்கும், இல்லையென்றால் அம்மாவுக்குக் கூட்டு விழுந்த பணம். கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டுவார்கள். கேமரா, இரண்டு லென்ஸ், பை, முக்காலி, ஃபில்டர், எல்லாம் சேர்த்து ஒரே விலை.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எங்கே நின்று படம் எடுக்கப் போறே?"

கோயில், கல்யாணம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படியென்றால் அந்த விளம்பரத்தை மூடிவிடச் சொல்வேன். அந்தச் செட்டில் இருக்கும் இரண்டு லென்ஸும் வெயிலில் நன்றாக வேலை செய்யும். கருவறை முன்னால் கையை விரித்துவிடும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பாடியோடு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவோடு, சேர்ந்து வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸை 55க்கு நீட்டினால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் எண் குறையக் குறைய வாய் பெரிது. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை அதே இடத்தில் மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் 9 மடங்குக்கும் அதிகம். தீபாராதனை நேரத்தில் எஃப் 1.8இல் 1/125 விநாடி கிடைக்கிறது என்று வையுங்கள். கிட் லென்ஸில் அதே படத்துக்கு 1/13 விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் குருக்கள் கையில் சுற்றும் தட்டு நகர்ந்துவிடும். முகம் கலங்கும், சுடர் கோடாக இழுபடும். "லென்ஸிலேயே ஸ்டெபிலைசர் இருக்கே அங்கிள்" என்பார்கள். அது உன் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும் தம்பி, குருக்கள் கையைப் பிடிக்காது. கருவறைக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கோயில் தலைவர் நம்மை வெளியே அனுப்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், விளக்கு வெளிச்சத்தின் மஞ்சள் நிறமே செத்துப்போகும்.

அதனால் என் கணக்கில் பாடிக்கு ஏறத்தாழப் பாதிப் பணம். மீதியில் ஒரு எஃப் 1.8 லென்ஸ், ஈரம் புகாத ஒரு டப்பா, கூடுதலாக ஒரு பேட்டரி. பாடி செகண்ட் ஹேண்டாகவே இருக்கட்டும். கேனனும் நிக்கானும் புது வேலையை எல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் திருப்பிவிட்டன. 2018இல் வந்த டி3500க்குப் பிறகு, புதியவர்களுக்கான டி3000 வரிசையில் நிக்கான் வேறு எதையும் விடவில்லை. இது நமக்கு நல்லதுதான். மாறிப் போகிறவர்கள் பழைய பாடிகளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள்.

மெகாபிக்சலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சுப் போட 9 மெகாபிக்சல் போதும். கேனனா நிக்கானா என்று கேட்டால், உங்கள் அண்ணனோ சித்தப்பாவோ எதை வைத்திருக்கிறாரோ அதை வாங்குங்கள், லென்ஸ் இரவல் கிடைக்கும். யாரிடமும் இல்லை என்றால் என் மனம் கொஞ்சம் நிக்கான் பக்கம் சாயும். காரணம் ஒரு லென்ஸ்தான். தோட்டத்துக் கோயில்கள் குறுகலானவை. இந்த வகைப் பாடிகளில் படம் பதியும் சில்லான சென்சார் சின்னது, அதில் 50 எம்எம் லென்ஸ் மாட்டினால் காட்சி நெருங்கிவிடும், நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருக்கும். நிக்கானில் 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் இந்தச் சென்சாருக்கென்றே செய்யப்பட்டது, விலையும் கைக்கு அடங்கும். கேனனில் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் மலிவு, அருமையான லென்ஸ். ஆனால் அது மணப்பெண் முகத்துக்கு, மண்டபத்துக்கு அல்ல.

சென்ற ஆண்டு ஒரு பையன் "லென்ஸ் செத்துப்போச்சு" என்று தூக்கிக்கொண்டு வந்தான். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த பழைய 50. லென்ஸில் ஒரு குறையும் இல்லை. நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் தானாக ஃபோகஸ் ஆகும். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்றால் கையால் வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். டி90, டி7000 போன்றவற்றில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. கேனன் பக்கம் இந்தத் தொல்லை இல்லை, வேறொன்று இருக்கிறது. 200டி மார்க் 2வில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடு முள்ளை எடுத்துவிட்டார்கள். மலிவான மேனுவல் ஃபிளாஷோ, ஃபிளாஷைத் தள்ளி வைத்து மின்ன வைக்கும் மலிவான டிரிக்கரோ அதில் வேலை செய்யாது. கல்யாண வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழையதை வாங்கும்போது ஆளை நேரில் பாருங்கள். மாமாக் கடையில் ஒரு தே தாரிக் சொல்லிவிட்டு நிதானமாக உட்காருங்கள். லென்ஸைக் கழற்றி, வாயை முழுக்கத் திறந்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல் கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. பேசாமல் எழுந்து வந்துவிடலாம். அப்புறம் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தால் சென்சார் அழுக்கு தெரியும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று விற்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்வார். நிக்கான் என்றால் அந்த எண் படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். அசல் ஜேபெக் படத்தை மெமரி கார்டிலிருந்தே வாங்கிப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தில் அந்த விவரம் இருக்காது. டி3300 வகைப் பாடிகளின் ஷட்டரை 100,000 அடிக்குச் சோதித்திருக்கிறார்கள். 30,000, 40,000 அடித்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இனி டப்பா. இதைச் சொன்னால்தான் யாரும் காது கொடுப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கொடுக்கவில்லை. என் முதல் லென்ஸை அழகான தோல் பையில் போட்டு, துணி அலமாரியில், பட்டுச் சேலைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தேன். எங்கள் வீடு ஆற்றோரம். நவம்பர் மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் வெள்ளைப் பாசி. துடைத்துத் தரச் சொல்லி ஈப்போவரை கொண்டுபோனேன். பூஞ்சையை எடுத்தார்கள், தழும்பை எடுக்க முடியவில்லை. பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் படம் முழுக்கப் பால் கலந்தாற்போல் வெளிறும்.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் பூஞ்சைக்குப் பிடித்த அளவில்தான் இருக்கிறது. தோலும் துணியும் அதற்கு இன்னும் வசதி. மின்சார டிரை கேபினட் வாங்க முடிந்தால் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும். முடியாதா, சரி, ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மீட்டர், இவை ஒரு கல்யாண மொய்ப் பணத்துக்குள் அடங்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தினால் திரும்ப உழைக்கும். அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும். குளிர்சாதன டேவானிலிருந்து வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவும் கூடாது. லென்ஸ் வியர்த்துவிடும். ஒரு அரை மணி நேரம் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.

போன மாதம் ஒரு தங்கச்சி இந்தக் கணக்கில்தான் வாங்கினாள். பழைய டி3300, 35 லென்ஸ், டப்பா. அவள் அம்மா கடைக்கு வந்து டப்பாவைத் திறந்து மூடிப் பார்த்தார். மூடி இறுகும் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

"ஏங்க, இதிலே ஓரமா கொஞ்சம் அப்பளம் வெச்சுக்கலாமா?"

வேண்டாம் அக்கா என்றேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது திறந்து பார்க்க வேண்டும்.