சிங்கப்பூர் ஒர்க் பர்மிட்: விமானம் ஏறும் முன் ஐபிஏ கடிதத்தில் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற வேலைகளுக்குப் போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் ஒர்க் பர்மிட்தான் கிடைக்கும். இதற்குத் தொழிலாளி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள கம்பெனியோ அதன் சார்பில் ஏஜென்சியோதான் மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்ததும் வரும் கடிதம்தான் ஐபிஏ. ஒருமுறை நாட்டுக்குள் நுழைவதற்கான விசாவும் அதுவே.

தொழிலாளியின் தாய்மொழியிலும் அந்தக் கடிதம் உண்டு. புறப்படும் முன்பே அதை அனுப்பிவைப்பது கம்பெனியின் கடமை. "ஏர்போர்ட்டில் தருகிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடிதம் கைக்கு வராமல் பணம் கொடுக்கவும் வேண்டாம். அது உண்மையானதா என்பதை அமைச்சின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளப் பகுதி. அடிப்படைச் சம்பளம், மாதப்படிகள், மாதாமாதம் பிடிக்கும் தொகை, எல்லாம் போக நிலையாகக் கிடைக்கும் சம்பளம் என்று தனித்தனியாக இருக்கும். ஏமாற்றம் தொடங்கும் இடம் இதுதான். ஏஜென்ட் வாயால் சொல்வது ஓடி (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) சேர்த்த தொகை, கடிதத்தில் இருப்பது ஓடி சேராத தொகை.

கடிதத்தில் அடிப்படை 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். அதை 12ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 4.20 வெள்ளி வரும். ஓடிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 6.29 வெள்ளி. "மாசம் 1,300 வரும்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால், மீதி 500 வெள்ளிக்கு 80 மணி நேரம் ஓடி பார்க்க வேண்டும். சிறப்பு அனுமதி இல்லாமல் மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓடி வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. படி எதுவும் கடிதத்தில் இல்லையென்றால் அந்த 1,300 வெறும் வாய்ப்பேச்சு. இந்தக் கணக்கைக் கடன் வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாதவையும் உண்டு. கட்டுமானத் துறையில் ஒரு தொழிலாளிக்கு மாத லெவி (வெளிநாட்டு ஊழியரை வைத்திருப்பதற்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் தொகை), திறன் நிலையைப் பொறுத்து, 500 அல்லது 900 வெள்ளி. அத்துடன் அரசுக்கு 5,000 வெள்ளிக்குப் பிணை. மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. இவை அனைத்தும் கம்பெனியின் செலவு. லெவியைத் தொழிலாளி தலையில் கட்டுவது குற்றம். வேலை தருவதற்கோ பர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ கம்பெனி பணம் வாங்குவதும் குற்றம்தான். சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கக்கூடிய கட்டணம் வேலைக்காலத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இங்கே ஊரில் ஏஜென்ட் வாங்கும் தொகைக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஆகவே ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் பர்மிட் கிடைக்காது, ஊர் திரும்ப வேண்டியதுதான். பாஸ்போர்ட்டை நீங்களே வைத்திருங்கள். கம்பெனி அதைப் பிடித்துவைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓடி பணம் வர வேண்டும். ஐபிஏயில் உள்ள சம்பளத்தைக் குறைக்க உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை. அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். புரியாத தாளில், அதுவும் வெற்றுத்தாளில், கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாடுவது கடினம். வேலை பார்த்த மணி நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் தேதியோடு குறித்து, டைம் கார்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சம்பளப் பாக்கி வழக்குகளில் அதுதான் கைகொடுக்கும்.

புகார் செய்யக் கெடு உண்டு: வேலையில் இருந்தால் பாக்கி விழுந்ததிலிருந்து ஓராண்டு, வேலையை விட்டிருந்தால் விட்ட நாளிலிருந்து ஆறு மாதம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. பாக்கியைக் கேட்டதும் கம்பெனி டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பப் பார்த்தால், விமான நிலையத்தில் குடிநுழைவு (இமிக்ரேஷன்) அதிகாரியிடமே சொல்லலாம்.