அயனிப் பிணைப்புன்னா என்ன, அந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு

கிரேக்கத்துல அயன்னா "போறது"ன்னு அர்த்தம், அவ்ளோதான். 1834ல மைக்கேல் ஃபாரடே கரைசல்ல கரண்ட் விட்டு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தப்ப, ஏதோ ஒண்ணு இந்தத் தகட்டுப் பக்கமும் இன்னொண்ணு அந்தத் தகட்டுப் பக்கமும் போகுதுன்னு தெரிஞ்சுது, அதுக்கெல்லாம் பேரு வைக்கணுமேன்னு கேம்பிரிட்ஜ்ல இருந்த அறிஞர் வில்லியம் ஹ்யூவெலுக்கு லெட்டர் போட்டாரு, அவரு எடுத்துக் குடுத்த பேருங்கதான் இன்னிக்கு உலகம் பூரா ஓடுது. எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சதே 1897லதான், அப்ப பாத்துக்கோங்க, போறது என்னன்னே சரியா தெரியாம வச்ச பேரு இது.

தமிழ்ல அந்த ஒலியவே எடுத்து அயனின்னு ஆக்கிட்டாங்க, மின்சுமை ஏறுன அணு இல்ல அணுக்கூட்டத்துக்குத்தான் அந்தப் பேரு. உத்தராயணம், தட்சிணாயனம்னு சொல்றோம்ல, அந்த அயனத்துக்கும் "போறது"ன்னுதான் பொருள், அந்த வடமொழிச் சொல்லும் கிரேக்கச் சொல்லும் ஒரே பழைய வேர்லேர்ந்து கிளைச்சது, ஆனா அயனி நமக்கு வந்தது இந்த வழியா இல்ல. (கூடலூர் பக்கம் மலையாளம் பேசறவங்ககிட்ட அயனின்னா பலா ஜாதி மரத்தைக் காட்டுவாங்க, அது வேற கதை.) இலங்கைத் தமிழ்ல அயன் பிணைப்பும்பாங்க, எலக்ட்ரான் அங்க இலத்திரன். சுத்தத் தமிழ்ல "செல்லி"ன்னு வைக்கலாமேன்னு கேட்டா, எனக்கு செல்லியம்மன்தான் ஞாபகத்துக்கு வரும், அயனியே இருக்கட்டும்.

சரி, பிணைப்பு எப்படி வருது? உப்பை விட்ருவோம், எல்லா புக்குலயும் அதான். ஊட்டி, கேத்தி பக்கம் உருளைக்கிழங்குக்கும் கோத்தகிரி தேயிலைக்கும் போடற பொட்டாஷை எடுத்துக்குவோம், அந்த செங்கல் கலர்ல வர்ற உரம், கலர் அதுல கலந்திருக்கற இரும்பால வர்றது, உள்ள இருக்கறது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியத்துக்கு 19 எலக்ட்ரான், 2, 8, 8, 1ன்னு அடுக்கியிருக்கும். குளோரினுக்கு 17, அதாவது 2, 8, 7. பொட்டாசியத்தோட கடைசி ஒண்ணு குளோரினுக்குப் போயிடுது, குடுத்தது நேர்மின் அயனி, வாங்குனது எதிர்மின் அயனி. 1916ல ஜெர்மன் விஞ்ஞானி வால்தர் காசல் சொன்ன விளக்கம் இது.

கடைசி அடுக்குல எட்டு எலக்ட்ரான் நிறையணும்னு ஆசைப்பட்டு பொட்டாசியம் குடுக்குதுன்னு டியூஷன்ல சொல்லுவாங்க, எனக்கு அது பிடிக்காது. கணக்கைப் பாருங்க, ஒரு மோல் (அணுக்களை எண்ணறதுக்கு வச்சிருக்கற ஒரு பெரிய அளவு) பொட்டாசியம் அணுவிலேர்ந்து எலக்ட்ரானைப் பிடுங்க 419 கிலோஜூல் செலவு, குளோரின் அதை வாங்கிக்கறப்ப 349தான் திரும்ப வருது, 70 நஷ்டம். அதோட நின்னா யாரும் குடுக்கவும் மாட்டாங்க வாங்கவும் மாட்டாங்க. அப்புறம் நேரும் எதிரும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு வரிசை வரிசையா படிகமா அடுக்கிக்கும்போது 700 கிலோஜூலுக்கு மேல வெளிய வருது, அந்த இழுப்புக்குத்தான் பிணைப்புன்னு பேரு, எலக்ட்ரான் கைமாறுனது அதுக்கு முன்னாடி நடக்கற வேலை. இழுப்போட பலம் தெரியணும்னா, வெறும் பொட்டாசியம் 63 டிகிரிலயே உருகிடும், பொட்டாசியம் குளோரைடு உருக 770 டிகிரி வேணும். இதுல தனித்தனி ஜோடின்னும் எதுவும் கிடையாது, ஒவ்வொரு அயனியைச் சுத்தியும் எதிர்ப்பக்கத்து ஆளுங்க ஆறு பேரு.

பொட்டாஷ்ங்கறதே சட்டிச் சாம்பல்தான், விறகுச் சாம்பலைக் கரைச்சு சட்டியில காய்ச்சி எடுத்ததால வந்த பேரு. நம்ம விவசாயத் துறையும் சாம்பல் சத்துன்னுதான் எழுதறாங்க, தழை, மணி, சாம்பல்னு.

இவ்ளோ கெட்டியான படிகம் தண்ணி பட்டா கரைஞ்சிடுது, ஏன்னா தண்ணி மூலக்கூறுங்க ஒவ்வொரு அயனியையும் சூழ்ந்து பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிடும். களிமண் துகள்ல எதிர் மின்சுமை இருக்கறதால பொட்டாசியம் அயனி கொஞ்சம் ஒட்டிக்கும், குளோரைடு நிக்காம மழைத்தண்ணியோட இறங்கிடும். நீலகிரி மாதிரி மழை அடிச்சுப் புளிப்பேறுன சரிவு மண்ணுல பொட்டாசியமும் ரொம்ப நாள் தங்காது, அதனாலதான் தோட்டத்துல பொட்டாஷை ஒரே தடவையா கொட்டாம பிரிச்சுப் பிரிச்சுப் போடறது.