கவலை உட்கார்ந்த திண்ணையில் கோலத்துக்கு இடம் உண்டா?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்காக அவரை மதுரைக்குக் கூட்டிவருகிறார். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பழைய மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் பேனாவால் சிக்குக்கோலம் போட்டுப் பழகுகிறாராம்.

"போடும்போது மனசு லேசாகுது சார். ஆனா கூட வந்த நாத்தனார், 'உள்ள அண்ணன் இப்படிக் கெடக்கு, ஒனக்குக் கோலம் கேக்குதா மதினி'ன்னு கேட்டுட்டாங்க. அன்னைலருந்து குத்துது. நான் செய்யிறது தப்பா? இதுல மூளைக்குள்ள என்னதான் நடக்குது?"

தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்ல நான் நாட்டாமை இல்லை. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று அதற்குள் இருக்கிறது.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், கவலை நீடித்தால் கார்டிசோல் கூடும், தூக்கம் கெடும். இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, தாண்டிப் போவோம். நமக்கு வேண்டியது ஹார்மோன் இல்லை, திண்ணை.

மூளையில் ஏராளமான விஷயங்கள் சேமிப்பில் இருக்கின்றன. ஆனால் இந்த நொடி கையில் எடுத்துப் புழங்குவதற்கு உள்ள இடம் ரொம்பச் சின்னது. அதை 'ஒர்க்கிங் மெமரி' என்கிறார்கள். நாம் 'வேலை நினைவு' என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரே சமயத்தில் ஏழு விஷயம், ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். அதுகூட அதிகம், நாலுதான் என்று 2001-ல் நெல்சன் கோவன் குறைத்தார். வீடு அரண்மனை, திண்ணை மட்டும் நாலு பேர் உட்காருகிற அளவு என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது.

1974-ல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். பழைய வீடுகளில் வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை இருக்குமே, அதுபோல இங்கேயும் இரண்டு. ஒரு பக்கம் ஒலிக்கு. மனசுக்குள் நாம் பேசிக்கொள்வது, போன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது எல்லாம் இங்கே. மறுபக்கம் படத்துக்கும் இடத்துக்கும். சைக்கிளை எங்கே நிறுத்தினோம், அம்மா முகம் எப்படி என்பதெல்லாம் அங்கே. நடுவில் நிலைப்படியில் ஒரு அப்பத்தா உட்கார்ந்து யாரை விடலாம், யாரை எழுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். (அப்பத்தா என் சேர்க்கை. பேட்லி அதை 'மைய நிர்வாகி' என்றார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான்.)

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். யாரோ சொன்ன பத்து இலக்க நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே பேனா தேடுகிறீர்கள். பக்கத்தில் ஒருவர் "திருச்சி திருச்சி திருச்சி" என்று கத்துகிறார். நம்பர் போச்சு. ஆனால் நம்ம பஸ் எந்த மூலையில் நிற்கிறது என்ற படம் போகாது. சத்தம் ஒலித் திண்ணையில் இருந்தவரைத்தான் தள்ளியது, படத் திண்ணையைத் தொடவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த சோதனை. பேட்லியும் ஜாக்கி ஆண்ட்ரேடும் 2000-ல் வெளியிட்டது. ஆட்களை உட்காரவைத்து, மனசுக்குள் ஒரு காட்சியையோ ஓசையையோ கொண்டுவரச் சொன்னார்கள். கூடவே ஒரு துணை வேலையும் கொடுத்தார்கள். சிலருக்கு விசைகளைக் குறிப்பிட்ட வரிசையில் விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. சிலருக்கு வாய்விட்டு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. பிறகு, மனசில் வந்தது எவ்வளவு தெளிவாக இருந்தது என்று கேட்டார்கள். விரல் தட்டியபோது காட்சிகள் அதிகமாக மங்கின. எண்ணியபோது ஓசைகள் அதிகமாக மங்கின. கை போடும் வடிவம் படத் திண்ணையில் இடம் பிடிக்கிறது. வாய் சொல்லும் எண் ஒலித் திண்ணையில் பிடிக்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து, ஒடுங்கி உட்கார வேண்டியதாகிறது. அவ்வளவுதான். மந்திரமும் இல்லை, மனவலிமையும் இல்லை, வெறும் இட நெருக்கடி!

இதைப் படித்த அன்று எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது எங்கள் அப்பத்தா கோலம் போடுகிற அழகு. குனிந்து, வாய்க்குள் "ஒம்பது, ஏழு, அஞ்சு, மூணு, ஒண்ணு" என்று முணுமுணுத்தபடியே புள்ளி வைப்பார். அது ஒலித் திண்ணை. பிறகு இழை. அடுத்த புள்ளியைச் சுற்றி இடப்பக்கம் வளைய வேண்டுமா, வலப்பக்கமா, எந்த இடத்தில் வெட்டிப் போக வேண்டும் என்று நாலு வளைவு முன்கூட்டியே மனசில் ஓட வேண்டும். அது படத் திண்ணை. நடுவே பொடி சீராக விழுகிறதா என்று விரலைக் கவனிக்க வேண்டும். இரண்டு திண்ணையும் நிரம்பி, நிலைப்படி அப்பத்தாவுக்கும் கை நிறைய வேலை. கவலை வந்து நின்றாலும் "செத்த நேரம் செண்டு வாய்யா" என்றுதான் பதில் வரும். கோலத்தைப் பற்றிய இந்தப் பத்தி ஆய்வக முடிவு இல்லை, அந்தச் சோதனையை வைத்து நான் போட்ட கணக்கு.

ஆய்வகத்தில் பயன்பட்டது வேறொரு விளையாட்டு, டெட்ரிஸ். மேலிருந்து விழுகிற கட்டைகளைத் திருப்பித் திருப்பி அடுக்குவோமே, அது. எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009-ல் 40 பேருக்கு விபத்தும் ரத்தமுமான 12 நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அரை மணி நேரம் கழித்துப் பாதிப் பேர் 10 நிமிடம் டெட்ரிஸ் ஆடினார்கள், மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் அந்தக் கோரக் காட்சிகள் கூப்பிடாமலே வந்து நின்றது ஆடியவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆனால் படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி சரியாகச் சொன்னார்கள். மறதி இல்லை, குத்துவதுதான் குறைந்தது.

இது எப்படி என்றால், புது நினைவு பிரை ஊற்றிய பால் மாதிரி. உறைய நேரம் வேண்டும். அந்த நேரத்தில் பாத்திரத்தை ஆட்டினால் தயிர் கெட்டிப்படாது. படத் திண்ணையை டெட்ரிஸ் ஆட்டிக்கொண்டே இருந்ததால் கோரக் காட்சி கெட்டியாக உறையவில்லை. இன்னொரு வேடிக்கை: டெட்ரிஸுக்குப் பதிலாகக் கேள்வி-பதில் விளையாட்டு கொடுத்துப் பார்த்தார்கள். அது உதவவில்லை, காட்சிகள் கூடத்தான் செய்தன. சொல்லால் ஆன வேலைக்குப் படத் திண்ணையில் இருப்பவரை அசைக்க முடியவில்லை. 2017-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், வாகன விபத்தில் சிக்கி வந்த 71 பேரிடம் ஆறு மணி நேரத்துக்குள் இதையே செய்து பார்த்தார்கள். ஆடியவர்களுக்கு முதல் வாரத்தில் அந்தக் காட்சிகள் 62 சதவீதம் குறைவாக வந்தன.

மேலூர் வாசகியின் நிலைமை வேறு. அவருடையது ஒரு நாள் விபத்து இல்லை, வருஷக்கணக்கில் இழுக்கிற கவலை. பேனா ஓடும்வரைதான் திண்ணை நிறையும். எழுந்தால் கவலை திரும்பி வரும். ஆனால் வாரம் எட்டு மணி நேரம் என்பது சின்ன இடைவெளி இல்லையே.

சரி, எந்த வேலை செய்தாலும் திண்ணை நிறைந்துவிடுமா? இல்லை. எங்கள் அம்மா நாற்பது வருஷமாகப் பூக்கட்டுகிறவர். பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே, ஏன், அழுதுகொண்டேகூட ஒரு முழம் மல்லிகையைத் தொடுத்துவிடுவார். கை தானாகப் போகும், திண்ணை காலியாகவே கிடக்கும். 2020 ஆனி மாதம் எனக்கு இது நேராகவே புரிந்தது. அழகர் ஆற்றில் இறங்காத வருஷம். மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு. அண்ணன் ஆஸ்பத்திரியில், யாரும் போய்ப் பார்க்க முடியாது. அம்மா எந்நேரமும் பூக்கட்டினார், எந்நேரமும் அழுதார். நான் மொட்டை மாடிக்குப் போய் அப்பத்தாவின் பழைய கோல நோட்டை விரித்தேன். அதுவரை கோலப்பொடியைத் தொட்டதில்லை. இழை கம்பளிப்பூச்சி மாதிரி வந்தது. எதிர்மாடி அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எறும்புக்கு ரோடு போடுறீங்களா?" என்றார். ஏழு புள்ளிக் கோலம் ஒன்று மூடுவதற்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் போன் அடிக்குமோ என்று ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை என்பது கீழே இறங்கும்போதுதான் உறைத்தது.

பழகிய வேலை திண்ணையைப் பிடிப்பதில்லை. கொஞ்சம் புதுசாக, கொஞ்சம் கைக்கு எட்டாததாக இருக்க வேண்டும். ரொம்ப எட்டாமல் போனால் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். தினம் ஒரே கோலத்தைப் போடுகிறவரைவிட, இன்றைக்கு இழையை இந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று பார்க்கிறவருக்குத்தான் இது வேலை செய்யும் என்று நினைக்கிறேன். எனவே அம்மாவுக்கு நான் சிபாரிசு செய்தது பூவை விட்டுவிட்டு வயர் கூடை. முதல் நாள் நன்றாகத் திட்டினார். மூணாம் நாள் கூடை கோணலாக வந்தது, அழுகை குறைந்திருந்தது.

இனி நாத்தனார் கேட்டதற்கு வருவோம். அவர் சொன்னதற்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: விடாமல் கவலைப்பட்டால்தான் பொறுப்பு, அப்போதுதான் ஏதாவது வழி தெரியும். சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ந்தார். 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தபோது, அதற்குச் சில நாள் முன்புதான் மாணவர்களிடம் மனநிலை பற்றிக் கேட்டு வைத்திருந்தார். அதிர்ஷ்டம் என்று சொல்லக் கூசுகிறது, ஆனால் ஆய்வாளருக்கு அப்படி வாய்ப்பது அபூர்வம். மனசுக்குள்ளேயே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் பிறகு சோர்வு அதிகமாக இருந்தது. 1995-ல் சோன்யா லியுபோமிர்ஸ்கியுடன் சேர்ந்து இன்னொன்று செய்தார். மனம் சோர்ந்தவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் நிலையை நினைத்து அசைபோடச் சொன்னார், மற்றவர்களை வேறு எதையாவது நினைக்கச் சொன்னார். அப்புறம் இருவருக்கும் வாழ்க்கைச் சிக்கல்களைக் கொடுத்துத் தீர்வு கேட்டார். அசைபோட்டவர்களின் தீர்வுகள் மோசம். கவனத்தைத் திருப்பியவர்களோ, சோர்வே இல்லாத ஆட்களுக்கு நிகராகச் சொன்னார்கள். திண்ணையைக் கவலையே அடைத்துக்கொண்டால் தீர்வு எங்கே வந்து உட்காரும்?

மற்றொரு ஆய்வும் மேலூர் வாசகிக்குப் பொருந்தும். சான்ஃபிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் முற்றிய துணைவர்களைப் பராமரித்தவர்களை சூசன் ஃபோக்மன் என்ற உளவியலாளர் பேட்டி எடுத்தார். கஷ்டங்களைப் பற்றி மட்டும் கேள்விகள். கொஞ்ச நாளில் பேட்டி கொடுத்தவர்களே, "நல்லது எதுவும் நடந்ததா என்று ஏன் கேட்பதில்லை?" என்று கேட்டுவிட்டார்கள். கேள்வியைச் சேர்த்தார்கள். ஏறக்குறைய எல்லாப் பேட்டியிலும் பதில் இருந்தது: நன்றாக அமைந்த ஒரு சாப்பாடு, ஒரு நண்பரின் வருகை. துக்கம் இருந்த இடத்திலேயே சந்தோஷமும் இருந்தது.

எனக்கு இதில் மூன்று கோபங்கள் உண்டு. ஒன்று, துக்க வீட்டில் கோலம் போடாமலிருப்பது தெருவுக்குச் சொல்கிற ஒரு அறிவிப்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதையே நீட்டி, புருஷனை இழந்தவள் வருஷம் முழுக்க எதையும் ரசிக்கக் கூடாது என்று முடக்குவது, மருந்தைப் பிடுங்கிக்கொண்டு நோயாளியைத் திட்டுகிற வேலை. இரண்டாவது, கோலத்திலிருந்து காந்த அலை கிளம்புகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோக்கள். உண்மையான காரணம் இவ்வளவு அழகாக இருக்கும்போது இல்லாத அலை எதற்கு?

மூன்றாவது, காசு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி தன் குழுவினரோடு 1974-லேயே கோலத்தைக் கணினிக்குப் புரிகிற விதிகள் கொண்ட இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை எழுதினார். டெட்ரிஸ் பிறந்தது அதற்குப் பத்து வருஷம் கழித்து. ஒரு பேனா, கொஞ்சம் காகிதம், காத்திருக்கும் அறையில் நூறு பேர். நம் பல்கலைக்கழகங்களில் எதுவும் இதைச் சோதிக்க ஆகும் செலவு, ஒரு கருத்தரங்கில் பொன்னாடைக்கு ஆகும் செலவைத் தாண்டாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிர்மேல் வெறுப்பு என்றால் கோலம் போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். தமிழில் பேசலாம்.

வாசகி தன் கோலம் ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். ஒன்பது புள்ளி, ஒன்று வரை, நேர்ப்புள்ளி: நடு வரிசையில் ஒன்பது, அதற்கு மேலும் கீழும் ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. கணக்குப்படி 41 வர வேண்டும். நான் எண்ணியபோது 40 தான் வந்தது. ஆனால் இழை எங்கும் அறுபடவில்லை, ஒரே கம்பியாகச் சுற்றிவந்து மூடியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடு வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது இடத்தில், பில்லை ஃபைலில் கோப்பதற்காகக் குத்திய ஓட்டை. அதையே புள்ளியாக வைத்து இழையை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்.