இவர் வேறு, அவர் வேறு

போன வாரம் எங்கள் நூலகத்துக்கு ஒரு அரங்கேற்ற மலர் வந்தது. வழவழ தாள், நல்ல அச்சு. குரு பரம்பரையைச் சொல்லும் பக்கத்தில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மகாவித்துவான் பட்டம் பெற்றவராம், தலபுராணங்கள் பல பாடியவராம், உ.வே.சாமிநாதையரின் ஆசிரியராம், ருக்மிணி தேவிக்குப் பரதம் கற்பித்தவராம்.

உ.வே.சா.வுக்குப் பாடம் சொன்ன மகாவித்துவான் 1876லேயே காலமாகிவிட்டார். ருக்மிணி தேவி பிறந்ததோ 1904ல். பிறப்பதற்கு 28 வருஷம் முன்பே போய்ச் சேர்ந்தவரிடம் அவர் எப்படி அடவு பழகியிருப்பார்?

மலரைக் கொண்டுவந்த அம்மாவிடம் கேட்டேன். "எல்லாம் நெட்ல பார்த்துத்தான் மேடம் எழுதினோம். பேரு சரியாத்தானே இருக்கு?" என்றார். பேர் சரிதான், ஆள்தான் தப்பு. நூற்பட்டியல் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இந்தப் பதில் புதிதில்லை. ஆய்வேடு, நினைவு மலர், நூலாசிரியர் குறிப்பு, இணையக் கலைக்களஞ்சியம் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். அந்த அம்மாவிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மூவரையும் பிரித்து வைத்துவிடுகிறேன். ஆமாம், மூவர். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான். மகாவித்துவான் என்றால் இவர்தான். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) தஞ்சை நால்வர் என்ற நடனக் குருச் சகோதரர்கள் வழிவந்த நட்டுவனார். மகாவித்துவான் மறைந்தபோது இவர் சின்னப் பிள்ளை. மூன்றாமவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949), தவில் மேதை. மூவரும் காவிரிக்கரைப் பக்கம் புகழ்பெற்றவர்கள். மூவரையும் பற்றிய பழைய கட்டுரைகளில் "பிள்ளையவர்கள்" என்றுதான் வரும். ஊர்ப்பெயரை விட்டுவிட்டுத் தேடினால் மூவரும் ஒரே கூடையில் வந்து விழுவார்கள். தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரையும் (1901–1980) நான்காவதாக இழுத்து வந்து சேர்ப்பவர்கள் உண்டு.

என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் நம்பிக்கை ஒன்று உண்டு: "இனிஷியலும் பெயரும் ஒத்துப்போனால் ஆள் ஒருவர்தான்." படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள்.

இனிஷியல் என்பது அப்பா பெயரின் ஒரே ஒரு எழுத்து. அதையும் ஆங்கிலத்தில் போட்டால் சுப்பிரமணியன், சண்முகம், செல்வராஜ், சதாசிவம், சீனிவாசன், ஸ்டீபன் எல்லாரும் எஸ். தண்டபாணியும் தாமோதரனும் டி. கந்தசாமியும் குப்புசாமியும் கே. தமிழ்நாட்டில் எஸ். ராமகிருஷ்ணன், கே. சுப்பிரமணியன் மாதிரிப் பெயர்கள் எத்தனை ஆயிரம் பேருக்கு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எல்லா இனிஷியலும் அப்பா பெயராக இருந்தாலாவது பரவாயில்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு 'எம்' மதுரை, 'எஸ்' அம்மா சண்முகவடிவு. பெண்கள் பலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறிவிடுகிறது. தமிழ் இனிஷியலுக்கு மாறியவர்கள் ஒரு புத்தகத்தில் 'எஸ்.' என்றும் அடுத்ததில் 'சு.' என்றும் போட்டிருப்பார்கள். ஆகவே இனிஷியல் ஒன்றாக இருப்பதை வைத்து ஒரே ஆள் என்று சொல்ல முடியாது. மாறியிருப்பதை வைத்து வேறு ஆள் என்றும் சொல்ல முடியாது. அது துப்பு மட்டும்தான், சாட்சி ஆகாது.

எழுத்தாளர் எஸ்.ராமகிருஷ்ணன் 1966ல் பிறந்தவர், 2018க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். பதிப்பாளர் எஸ்.ராமகிருஷ்ணன் 'க்ரியா'வை நடத்தியவர், 2020 நவம்பரில் மறைந்தவர். இனிஷியல், பெயர், ஊர், புத்தகத் தொழில் எல்லாம் ஒன்று. தொழிலை அடைப்புக்குறிக்குள் போட்டால் குழப்பம் தீரும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இருவரையும் காட்டுவது என் வழக்கம். "இலக்கியம்" என்று போட்டால் இருவருக்கும் பொருந்தும். 'க்ரியா' என்ற ஒரு சொல்லும் பிறந்த வருஷமும்தான் பிரித்துக் காட்டும்.

இன்னொன்று சுஜாதா. எஸ்.ரங்கராஜன் எழுத வந்தபோது குமுதத்தில் ரா.கி.ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று மனைவி பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். ஒரு குழியைத் தாண்டி இன்னொன்றில் விழுந்த கதைதான் இது. நடிகை சுஜாதா (1952–2011), பாடகி சுஜாதா மோகன், எழுத்தாளர் சுஜாதா (1935–2008) மூவருமே தமிழ் சினிமாவில் வேலை செய்தவர்கள். படத்தின் பெயர்ப்பட்டியலில் வெறுமனே 'சுஜாதா' என்று வந்தால், அது வசனத்துக்கா, நடிப்புக்கா, பாட்டுக்கா என்று பார்த்துத்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். இயந்திரம் பார்க்காது. அவசரத்தில் இருக்கும் மனிதரும் பார்க்க மாட்டார்.

பட்டப்பெயர் இருக்கிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். 'பண்டிதமணி' என்றால் செட்டிநாட்டில் மு.கதிரேசன் செட்டியார் (1881–1953), யாழ்ப்பாணத்தில் மட்டுவில் சி.கணபதிப்பிள்ளை (1899–1986). இந்தக் கணபதிப்பிள்ளையைப் பேராசிரியர் க.கணபதிப்பிள்ளையோடு சேர்த்துவிடுவது தனிக் கலை. பாரதியை நாம் 'மகாகவி' என்கிறோம். ஈழத்து அளவெட்டி உருத்திரமூர்த்தி (1927–1971) எழுதியதே 'மஹாகவி' என்ற புனைபெயரில். தேடுபொறிக்கு 'க'வும் 'ஹ'வும் ஒன்றாகத் தெரிந்துவிட்டால் அளவெட்டிக்காரர் எட்டயபுரத்துக்காரராகிவிடுவார்.

சரி, பெயர் மாறிப்போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் தவறுகள் இரண்டு வகை. ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து வைப்பது ஒன்று. இரண்டு ஆளை ஒன்றாகச் சேர்ப்பது மற்றது. முதலாவது அசௌகரியம், அவ்வளவுதான். ஆதாரம் கிடைக்கும் அன்று இரண்டையும் இணைத்துவிடலாம். இரண்டாவது நாசம். சேர்த்த பிறகு எந்தப் புத்தகம் யாருடையது, எந்த விருது யாருக்கு, எந்த மகள் யாருக்கு என்று ஒவ்வொரு வரியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குள் அது ஊர் சுற்றி வந்திருக்கும். விக்கிப்பீடியாவின் தரவுக் களஞ்சியமான விக்கித்தரவில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் உண்டு. அந்த எண்ணோடு அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பெயர்க்கோப்பு, பல நாட்டு நூலகங்களின் பெயர்களைக் கணினியே ஒப்பிட்டுத் தொகுக்கும் வியாஃப் எல்லாம் கோக்கப்பட்டிருக்கும். பிற மொழி விக்கிப்பீடியாக்களும் தேடுபொறிகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வேறு. நாம் இங்கே திருத்தினாலும் அங்கே போன பிரதிகள் திரும்பி வராது.

ஆகவே சந்தேகம் இருந்தால் சேர்க்காதீர்கள். தனித்தனியாக விடுங்கள். நெடுநல்வாடை பாடிய நக்கீரரும் திருமுருகாற்றுப்படை பாடிய நக்கீரரும் ஒருவரா இருவரா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு குரலில் பேசவில்லை. பேராசிரியர்களே திறந்து வைத்திருக்கும் கேள்வியை ஒரு இரவில் விசைப்பலகையில் முடித்துவைக்க நமக்கு என்ன அவசரம்? அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையாரையும் ஆத்திசூடி ஔவையாரையும் பாட்டியும் கோலுமாக ஒரே உருவமாக்கியதன் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறோமே, போதாதா?

இந்தத் தலைவலி நம் முன்னோர் அறியாததும் இல்லை. 1894ல் உ.வே.சா. அச்சிட்ட புறநானூற்றைத் திறந்து பாட்டின் கீழ் வரும் குறிப்புகளைப் பாருங்கள். பாண்டியர்களில் நன்மாறன்கள் இருவர். ஒருவர் 'சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்', மற்றவர் 'இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்'. இறந்த இடத்தைச் சொல்லியே ராஜாக்களைப் பிரித்திருக்கிறார்கள். நெடுஞ்செழியன்களை அவர்கள் ஜெயித்த போரைச் சொல்லிப் பிரித்தார்கள்: தலையாலங்கானத்துச் செருவென்றவர் ஒருவர், ஆரியப்படை கடந்தவர் ஒருவர். புலவர்களுக்கு ஊரும் தொழிலும் தகப்பனாரும்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். எழுதிவைத்தவர் யாரோ, என் கண்ணுக்கு அவர்தான் முதல் பட்டியலாளர்.

படங்கள் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். பெயர் சரி, படம் தவறு என்பதுதான் இப்போது மிக அதிகம். 1930களில் சினிமாவில் இரண்டு சுப்புலட்சுமிகள்: எம்.எஸ்., எஸ்.டி. இயக்குநர் கே.சுப்பிரமணியம் இருவரையும் வைத்துப் படமெடுத்தவர், எஸ்.டி.சுப்புலட்சுமி அவருடைய மனைவியும்கூட. அக்காலத்து மங்கலான படம் ஒன்றின் கீழே 'சுப்புலட்சுமி' என்று மட்டும் இருந்தால் அது எம்.எஸ்.தான் என்று யார் சொன்னது? போதாக்குறைக்கு அந்தக் கே.சுப்பிரமணியத்துக்கும் ஒரு பெயரொற்றுமை உண்டு. பாதுகாப்பு வல்லுநர் கே.சுப்பிரமணியம் (1929–2011), இன்றைய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா. அந்த ஜெய்சங்கருக்கோ நடிகர் ஜெய்சங்கர். நல்லவேளை, இவர்கள் துறை வேறு வேறு.

தேடினால் வலப்பக்கத்தில் ஒரு பெட்டி வருகிறதே, அதைச் சான்றாகக் காட்டாதீர்கள். அதில் எழுத்து ஓரிடத்திலிருந்தும் படம் வேறோரிடத்திலிருந்தும் இயந்திரம் எடுத்து ஒட்டுவது. 2021ல் ஸ்விட்சர்லாந்தில் வேலை பார்த்த ஒரு பல்கேரிய மென்பொருள் பொறியாளர் தன் பெயரைத் தேடியபோது, தன் படத்துக்குக் கீழே ஒரு தொடர்கொலைகாரனின் வரலாறு வந்தது. அதே பெயருள்ளவன் அவன். எப்போதோ மரண தண்டனை பெற்றவன். விக்கிப்பீடியாக் கட்டுரையில் இந்தப் பொறியாளரின் படமே இல்லை, பெட்டிதான் சேர்த்துவைத்தது. கைது, வழக்குச் செய்திகளை எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நம் நாளிதழ்களின் குற்றச்செய்தி நிருபர் 'முருகன் (35), இன்னாரின் மகன், இன்ன தெரு' என்று எழுதுவதைக் கேலி செய்கிறோம். கலைக்களஞ்சியம் எழுதுகிறவர்களைவிட அவர் கெட்டிக்காரர்.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் வருஷத்தைப் பாருங்கள். பிறப்பு, இறப்பு, முதல் நூல்: மூன்றும் ஒரு ஆயுளுக்குள் அடங்குகிறதா? மறுபதிப்பு வருஷத்தை முதல் பதிப்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். பிறகு ஊர், பிறகு அப்பா பெயர் முழுதாக. இவற்றில் குறைந்தது இரண்டு விவரங்கள், ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் ஒத்துப்போக வேண்டும். இறப்புச் செய்தி வந்த அரைமணிக்குள் 'காலமானார்' என்று மாற்ற ஓடாதீர்கள். உயிரோடிருப்பவரைச் சாகடிப்பது பெரும்பாலும் இந்த அரைமணிதான். தமிழ் விக்கிப்பீடியாவில், ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்துக் காட்டும் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் எதற்கு இருக்கிறது? ஒரே பெயரில் இரண்டாவது ஆள் தலைகாட்டினாலே அதை ஆரம்பியுங்கள். விக்கித்தரவில் 'இவர் அவரிலிருந்து வேறானவர்' என்று குறிக்கத் தனி இடமே உண்டு. அதை நிரப்பினால் அடுத்து வருபவர் சேர்க்க நினைத்தாலும் ஒரு நிமிஷம் தயங்குவார்.

நூலாசிரியர்களே, உங்களைக் கெஞ்சியே கேட்கிறேன். பதிப்பு விவரப் பக்கத்தில் தாளின் எடையைக்கூடப் போடுகிறீர்கள். அப்பா பெயரையும் பிறந்த ஊரையும் வருஷத்தையும் போட்டால் என்ன? வயது தெரிந்துவிடும் என்ற கூச்சம் இருந்தால் வருஷத்தை மட்டுமாவது பதிப்பாளரிடம் சொல்லி வையுங்கள். ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்கிக்கொள்ளுங்கள். 16 இலக்கம், இலவசம், பெயர் மாறினாலும் எண் மாறாது.

விக்கிப்பீடியாவில் உங்களையே வேறொருவரோடு சேர்த்து எழுதியிருந்தால் நேராகப் போய்க் கட்டுரையைத் திருத்தாதீர்கள். தன்னைப் பற்றித் தானே எழுதினார் என்று அந்தத் திருத்தத்தை அழித்துவிடக்கூடும். கட்டுரையோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில், எந்த வரி யாருடையது என்று அச்சில் வந்த ஆதாரத்தோடு எழுதுங்கள். தேடுபொறிப் பெட்டியின் அடியில் கருத்துச் சொல்லும் இணைப்பு இருக்கும், அதையும் அழுத்துங்கள். எந்த நூலகப் பட்டியலில் தவறு இருக்கிறதோ அந்த நூலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எங்களுக்கு இப்படிக் கடிதம் வருவதே அபூர்வம். வந்தால் அன்றே எடுத்துப் பார்த்துவிடுவோம்.