இரண்டு கிழமையில் கரையாத கண் சிவப்பு

கண்ணின் வெள்ளைப்பகுதியில் இரத்தம் கட்டினாற்போல் சிவந்தால், எங்கட பக்கத்தில் 'சூடு' என்று தாய்ப்பால் விடுவார்கள். இல்லையென்றால் பாமசியில் துளிமருந்து வாங்குவார்கள். இரண்டும் வேண்டாம். கடும் இருமலிலோ பாரம் தூக்கியதிலோ வந்த கசிவு, நிறம் மங்கி, மஞ்சளித்து, இரண்டு கிழமையளவில் தானாகவே போய்விடும். போகாமல் நிற்கும் சிவப்பை எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களும், கண்டியிலோ கொழும்பிலோ சிறுநீரகம் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியவர்களும் அலட்சியம் செய்யக்கூடாது. கபோசி சார்கோமா என்ற இரத்தக்குழாய்ப் புற்று கண்ணில் வந்தால் அப்படித் தொடங்கக்கூடும்.

இதற்குக் காரணம் 1994இல் கண்டறியப்பட்ட எச்.எச்.வி.-8 வைரஸ். உடலின் எதிர்ப்புச் சக்தி விழும்போது, அது இரத்தக்குழாய்களின் உட்சுவர்க் கலங்களைப் பெருகச் செய்கிறது.

வீட்டில் பார்க்கும் முறை எளிது. பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் நின்று, மேலே பார்த்தபடி கீழிமையை விரலால் கீழே இழுங்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் ஒளிந்திருக்கும். பளிச்சென்ற சிவப்பு அல்லது ஊதா, தட்டையாகவோ சின்ன மேடாகவோ இருக்கும்; நோவே இராது, அதனால்தான் பலர் பிந்தி வருகிறார்கள். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழி நோக்கி முக்கோணமாய் வளரும் சதை இதுவல்ல, அது வேறு. கைபேசியில் வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். வைத்தியருக்கு வாய்ச்சொல்லைவிட அது உதவும்.

பாமசித் துளிகளில் பலவற்றில் ஸ்டீரொயிட் உண்டு. சிவப்பு சற்று வெளிறும், நோய் வளரும், கண்ணழுத்தமும் ஏறலாம்.

கண் கிளினிக்குக்குப் போகும்போது மருந்துக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள். வைத்த சிறுநீரகத்தைக் காக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், பிரெட்னிசோலோன் என்ற மருந்துகளின் பெயர்களைப் பார்த்தால்தான் வைத்தியருக்கு இந்தச் சந்தேகம் வரும். நிச்சயிப்பது சதைத்துண்டுப் பரிசோதனை. துண்டு சுருளாமல் வடிதாளில் விரித்து, 10 வீத போர்மலினில் இட வேண்டும்; பரிசோதனைப் படிவத்தில் நோயாளியின் எதிர்ப்புச் சக்தி நிலையை எழுதாவிட்டால் வைரஸுக்கான சாயம் போடாமலே விடுபடக்கூடும்.

சிகிச்சை கண்ணில் மட்டும் இல்லை. எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காக எடுத்தால் பல கட்டிகள் மாதக்கணக்கில் கத்தியில்லாமலே சுருங்கும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் குறைப்பதா, சிரோலிமஸ் என்ற வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று சிறுநீரக வைத்தியர் முடிவெடுப்பார். நீங்களாக ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடக்கூடும். இமை மூட முடியாமலோ பார்வை மறைத்தோ நின்றால் வெட்டியெடுத்தல், உறைகுளிர்ச் சிகிச்சை, கதிர்வீச்சு உண்டு.

எச்.ஐ.வி. நிலை தெரியாதவர்களுக்கு அரச பாலியல் நோய்த் தடுப்பு கிளினிக்குகளில் பரிசோதனை இலவசம், இரகசியமும் காக்கப்படும்.